பூஜையில் வைத்த கை

ஐவிரல் கம்பெனியின் டிஸ்க் மறுபடியும் தொண்டை வரைக்கும் நிரம்பிவிட்டது. நவராத்திரி தொடங்கிய வாரம் அது. சிவப்பு விளக்கு எரிவதும், சர்வரைக் கவனிக்கிற மங்கையர்க்கரசி தலையில் அடித்துக்கொள்வதும், மேலே இருப்பவர்கள் "ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பதும் அந்த ஆபீஸில் அடிக்கடி நடக்கிற கூத்துதான். இந்தத் தடவை அவள் அட்ஜஸ்ட் பண்ணுவதாக இல்லை. உட்கார்ந்து டிஸ்க்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரணவின் அறைக்குப் போனாள்.

பிரணவ் அவளுடைய மேலதிகாரி. வயதில் அவளைவிட இளையவன். ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் ஊரை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் தகடு அழுத்துகிற பிரஸ்ஸில் கை போனவர்கள், தறியில் கை போனவர்கள், திருப்பூர்க் கட்டிங் மெஷினில் கை போனவர்கள் என்று பஞ்சமே இல்லாத ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குச் செயற்கைக் கை செய்து மாட்டுவதுதான் ஐவிரலின் தொழில். கை என்றால் ரப்பர் பொம்மைக் கை இல்லை. மாட்டியவரின் நரம்பு சொல்வதைக் கேட்டு, தப்புத் தப்பாகச் செய்து, உடைத்து, சிந்தி, மெல்ல மெல்லப் பழகி, ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் சொந்தக் கை மாதிரியே ஆகிவிடும். அந்தப் பழக்கம் கைக்குள் இருப்பதில்லை. சரவணம்பட்டியில் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் அங்கே தனியாக ஒரு மென்பொருள் பெட்டி. ஆபீஸில் எல்லோரும் அதை டப்பா என்றுதான் சொல்வார்கள். டப்பா ஓடினால் கை அசையும். அந்தக் கை இதுவரை படித்தது எல்லாம் டப்பாவோடு ஒட்டிக்கொண்டு டிஸ்க்கில் கிடக்கும்.

அப்படி ஒரு டப்பா மங்கையின் கணவன் மாரப்பனுடையது. கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவன். கருகிப்போன பம்ப் மோட்டாரைப் பிரித்து, மயிர் மாதிரித் தாமிரக் கம்பியைச் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி உள்ளே இறக்க வேண்டும். ஒரு பிரஸ்ஸுக்கு வலது கையைக் கொடுத்த பிறகு அவன் கடையை மூடிவிடலாம் என்றுதான் இருந்தான். புதுக் கை வந்த முதல் வருஷம் கம்பியைத் தொட்டாலே அறுத்தது. கோபத்தில் அதைக் கழற்றிச் சுவரில் அடித்திருக்கிறான். இப்போது பல்லடத்திலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி வருகிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது மங்கையின் சம்பளத்தில்தான் என்றாலும், மாரப்பன் நிமிர்ந்து நடப்பது அந்தக் கையால். அது அவளுக்குத் தெரியும்.

"சார், இடம் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் மங்கை.

"குட். சொல்லுங்க."

"பழைய வெர்ஷன் சாஃப்ட்வேரை எவனும் அழிக்கலை, அது கொஞ்சம். டப்பாக்கள் நாள் பூரா புலம்பித் தள்ளற லாக் ஃபைல், அது கொஞ்சம். ரெண்டையும் காலையிலயே துடைச்சுட்டேன். அதெல்லாம் சுண்டைக்காய். முக்கால்வாசி இடத்தை அடைச்சுட்டு உக்காந்திருக்கறது நம்ம மார்க்கெட்டிங்காரங்களோட தொடுகைப் பதிவு."

பிரணவ் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

கை எதைத் தொட்டது, எவ்வளவு அழுத்தியது, எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது என்று ஒவ்வொரு கையிலிருந்தும் சத்தமில்லாமல் உருவி எடுத்து, சோப்புக் கம்பெனிக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் மெத்தைக் கம்பெனிக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். கை மாட்டியவர்களுக்கு இது தெரியாது. கை போன வலியில், இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்குமாம்.

"அதை அழிச்சா டிஸ்க் பாதிக்கு மேல காலியாயிரும் சார்."

"அது நம்ம அசெட், மங்கை. நாங்க ஒண்ணும் கண்டதையும் சேர்த்து வைக்கிறதில்ல. தேவையானதை மட்டும்தான் வைக்கிறோம்."

"ஊரான் வீட்டுக் கை எதைத் தொடுதுன்னு வேவு பாக்கறது அசெட்டா?"

"வார்த்தையைப் பாத்துப் பேசுங்க."

"சரி, வேவு இல்ல. புது டிஸ்க் வாங்கித் தாங்க. போன வருஷம் வரைக்கும் எல்லாப் பழக்கத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வெச்சிருந்தோம், இடம் இல்லைன்னு அதையும் நிறுத்தினீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா திரும்ப எடுக்க எதுவும் இல்ல."

"அதுக்குத்தான் துடைப்பம் இருக்கே? லிமிட்டைத் தாண்டினா தானா கிளீன் பண்ணிக்கும். நீங்க எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?"

துடைப்பம் என்பது சித்திரையில் பிரணவ் கொண்டுவந்த ஏற்பாடு. டிஸ்க் ஓர் அளவைத் தாண்டினால், நின்றுபோன டப்பாக்களையும் அவற்றோடு ஒட்டிய பழக்கங்களையும் தானாகவே தேடித் தேடி அழித்துவிடும். அன்றைக்கே மங்கை கத்தினாள். நின்றதெல்லாம் செத்தது என்று யார் சொன்னது என்று கேட்டாள். பிரணவ் அன்றைய கணக்கை எடுத்து அவள் முன்னால் போட்டான். அப்போது நின்று கிடந்த டப்பா ஒவ்வொன்றும் இறந்துபோனவருடையது, இல்லையென்றால் கையைத் திருப்பிக் கொடுத்தவருடையது. ராத்திரி கழற்றி சார்ஜில் போட்டால் டப்பா தூங்கும், நிற்காது. நிற்க வேண்டுமென்றால் மணிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பொத்தானை நீளமாக அழுத்தி அடியோடு அணைக்க வேண்டும்.

"உயிரோட இருக்கிற எவனாவது தன் கையைத் தானே அணைப்பானா, மங்கை?" என்று அப்போது கேட்டான். அவளுக்குப் பதில் வரவில்லை. அந்த மீட்டிங் ஹாலில் இருந்த எவருக்கும் வரவில்லை. அத்தனை பேரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள்.

இப்போதும் அதே கேள்வியை அவன் முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மங்கை கதவைச் சாத்திய சாத்தில் பக்கத்து அறைக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

ஆயுத பூஜை அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. காலையிலேயே கடையைக் கழுவிவிட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, மெயின் சுவிட்சை இறக்கினான் மாரப்பன். காயில் சுற்றும் மெஷின், கட்டர், மரச்சுத்தி, கொறடு எல்லாம் எண்ணெய் துடைத்துக்கொண்டு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மங்கை சந்தனம் குழைத்தாள். கடைசியாக அவன் முழங்கைக்குக் கீழே இருந்த பட்டையைத் தளர்த்தி, கையைக் கழற்றி, மணிக்கட்டுக்கு அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தான். விரல்கள் ஒருமுறை விரிந்து அடங்கின.

"ஏனுங்க, அதையுமா?"

"எல்லாம் ஓயற நாளு புள்ள. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருசம் பூரா மாடா உழைக்குது. அதுஞ் சித்தெ ஓயட்டும்."

"போன வருசமும் வெச்சீங்களா? நான் ஆபீஸ்ல இருந்தேன், பாக்கலை."

"வெக்காம? நம்ம குழுவுல அத்தன பேரும் வெச்சாங்களே!"

கையைக் கொறடுக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தான். மங்கைதான் அதன் உள்ளங்கையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மாரப்பன் இடது கையால் படம் எடுத்துக் கை மாட்டியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அங்கே ஏற்கெனவே படங்கள் குவிந்து கிடந்தன. பூமார்க்கெட்டில் பூக்கட்டுகிற பாப்பாத்தியின் கை நார்க்கண்டுக்கு நடுவில். திருப்பூர்த் தையல்காரர் ஒருவருடைய கை கத்தரிக்கோல்மேல். ஒரு கொத்தனாரின் கை கரணையோடு. எல்லாவற்றிலும் பொட்டு. எல்லாம் அணைத்து வைத்த கை. மங்கை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

கற்பூரம் ஏற்றப்போகிற நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். ரெஹானா. "உங்களுக்குத்தான் பூஜை இல்லையே" என்று வருஷா வருஷம் அன்றைக்கு டியூட்டி போடப்படுகிற பெண்.

"அக்கா, பூஜையில இருக்கீங்களா? டிஸ்க் காலியாயிட்டே வருது. சிவப்பு போயி பச்சையே வந்துருச்சு. பிரணவ் சார் ஸ்வீட் பாக்ஸைத் திறந்துட்டாரு."

"யார் அழிச்சா?"

"யாரும் அழிக்கலக்கா. துடைப்பம் தானா ஓடுது. நின்ன டப்பா நெறைய இருக்காம்." ரெஹானாவின் குரல் இறங்கியது. "அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. காலையிலருந்து வரிசையா நின்னுட்டே இருக்கு. ஒரே நாள்ல இத்தன பேரு செத்துருப்பாங்களா?"

மங்கை பலகையைப் பார்த்தாள். கை அங்கே பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ரெஹானா, அதை நிறுத்து. இந்த நிமிஷமே நிறுத்து!"

"எனக்கு பர்மிஷன் இல்லக்கா. உங்களுக்கும் சாருக்கும்தான். சார் பூசணிக்காய் உடைக்கக் கீழ போயிட்டாரு, போனை மேஜையில வெச்சுட்டுப் போயிருக்காரு."

"ஓடிப்போய் இழுத்துட்டு வா அவனை. நான் வர்றேன்."

வெளியிலிருந்து கம்பெனி சர்வருக்குள் நுழைய வழி கிடையாது. ஸ்கூட்டரை எடுத்தாள். சத்தி ரோடு முழுக்க உடைத்த பூசணி. பஸ்ஸுக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, ஆட்டோவுக்குச் சந்தனம். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பின் வாசலிலும் மெஷினை அணைத்துவிட்டுப் பொரி தின்றுகொண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அவள் பார்க்கிற காட்சி. அந்த ஹாலில் ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு இது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? ஏ.சி. ரூமுக்குள் நுழைந்ததும் மூளையையும் வாசலில் கழற்றி வைத்துவிடுவார்களா? திட்டிக்கொண்டே போனாள். குறுக்கே வந்த ஒரு காரையும் திட்டினாள்.

அவள் ஆபீஸுக்குள் நுழைந்தபோது பிரணவ் இன்னும் மேலே வரவில்லை. நாற்காலியில் உட்காராமலே துடைப்பத்தை நிறுத்தினாள். பிறகு கணபதி, மாரப்பன் என்று தட்டினாள். டப்பா இல்லை. பழக்கம் இல்லை. புதிதாகப் பெட்டியைப் பிரித்த கைக்கு என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. பாப்பாத்தியைத் தேடினாள். இல்லை. அந்தக் கொத்தனார் இல்லை. பூஜை போடாதவர்கள், போட்டும் கையை அணைக்க மறந்தவர்கள், இவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள்.

பிரணவ் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் பொரிப் பொட்டலத்தோடு வந்தான். கீழே கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்த ரெஹானா பின்னாலேயே ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தோடும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"பூஜைக்குக் கையை ஆஃப் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? கை என்ன ஸ்பேனரா?"

"இந்தக் கேள்வியை அவங்களைக் கேட்டிருக்கணும் சார். ஒருத்தரையாவது கேட்டீங்களா? இதோ, சர்வருக்குக்கூட மாலை போட்டுப் பொட்டு வெச்சிருக்கீங்க. அணைச்சீங்களா? அணைக்க மாட்டீங்க. போட்டோவுக்குப் பூஜை பண்றவங்க நீங்க. அவங்க நிஜமாவே பண்ணினாங்க. அதுக்குத் தண்டனையா இது?"

"ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பிடலாம். கை மறுபடியும் கத்துக்கும். கொஞ்ச நாள்தானே?"

"கொஞ்ச நாளா!" மங்கை மேஜையில் அறைந்தாள். "என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கம்பியை அறுத்து அறுத்து அழுதாரு சார். ஆம்பளை அழுது பாத்திருக்கீங்களா? இன்னொரு தடவை அவரு அழணுமா, உங்களுக்கு டிஸ்க் வாங்கக் கஞ்சத்தனம்ங்கறதுக்காக?"

ரெஹானா தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "அக்கா, தொடுகைப் பதிவு இருக்குல்ல? விரல் எப்படிப் போச்சு, எவ்வளவு அழுத்துச்சு, எல்லாம் அதுல இருக்கே. அதை டப்பாவுக்குள்ள திருப்பி ஊத்தினா கை அதைப் பாத்துக் கத்துக்காதா?"

கத்துக்கும். வருஷக்கணக்கில் படித்ததை ஒரு மணி நேரத்தில் படித்துவிடும். மங்கை ரெஹானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிரணவ் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் கல்லாக இருந்தது.

"தொடுகைப் பதிவு பூராத்தையும் அழிச்சிடுங்க. இன்னிக்கே. மேல இருந்து சொல்லிட்டாங்க."

"என்னது?"

"கை திரும்ப வந்தா, எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்கல்ல? அப்புறம் கோர்ட், கேஸ்னு போகும்."

"போன வாரம் அழிக்கச் சொன்னப்ப அது அசெட்டு!"

"இப்ப அது ரிஸ்க்."

மங்கைக்கு அவன் கையில் இருந்த பொரியைப் பிடுங்கி அவன் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளாக எதை அழி அழி என்று தொண்டை கிழியக் கத்தினாளோ அதை இன்றைக்கு இவன் அழிக்கச் சொல்கிறான், அதுவும் அவளையே. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சரிங்க சார். அழிச்சுடறேன். நேரமாகும். நீங்க கீழ போய் தீபாராதனையைப் பாருங்க."

அவன் போனதும் ரெஹானாவைக் கதவோரம் நிற்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். அவரவர் பதிவை அவரவர் டப்பாவுக்குப் பிரித்துவிட வேண்டும். அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. டப்பா ஓடினால்தான் உள்ளே ஊற்ற முடியும், அங்கேதான் சிக்கல். கையை மாட்டி எழுப்பினால்தான் வெறும் டப்பா ஒன்று புதிதாக ஓடத் தொடங்கும். கைகளோ பூஜையில் இருந்தன.

மாரப்பனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கையை எடுத்து மாட்டுங்க."

"இன்னிக்கா? பூஜையில வெச்சத எப்படிப் புள்ள எடுக்கறது? நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான எடுக்கோணும்?"

அவள் சொன்னாள். துடைப்பத்தையும் சொன்னாள், தொடுகைப் பதிவையும் சொன்னாள். இத்தனை நாள் அவனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கம்பெனி வாயைக் கட்டி வைத்திருந்தது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ தெருவில் வெடி வெடித்தார்கள்.

"என்ற கை தொட்டதையெல்லாம் எழுதி வெச்சிருந்தானுகளா?"

"ஆமாங்க."

"உன்னையத் தொட்டதுமா?"

எல்லாம் இருக்கும் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாரப்பன், "ஏம்புள்ள, என்ற இடது கைய நான் பலகையில வெச்சனா?" என்று கேட்டான்.

"இல்லீங்க."

"அப்பறம் இத மட்டும் எதுக்கு வெச்சேன்? ஆயுதம்னு நெனச்சுட்டேன் பாரு. கையின்னு நெனச்சிருந்தா அணைச்சிருப்பனா?" பட்டையை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. "மாட்டிட்டேன். பொட்ட அழிக்கல, அப்படியே இருக்குது. நீ வேலையப் பாரு. குழுவுல நான் சொல்லிக்கறேன்."

குழுவில் என்ன சொன்னானோ, எப்படிச் சொன்னானோ, கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு டப்பா விழித்தது. அப்புறம் இன்னொன்று. பாப்பாத்தி வந்தாள். கொத்தனார் வந்தார். நல்ல நாளில் சாமி முன்னால் வைத்ததை எடுக்க எத்தனை பேருக்கு மனசு துடித்திருக்கும்! எடுத்தார்கள். அப்புறம் திரை கொள்ளாமல் வந்தார்கள். மங்கை ஒவ்வொருவர் பதிவையும் அவரவர் டப்பாவுக்குள் ஊற்றினாள். இனிமேல் அதை அழிக்க வேண்டுமென்றால் ஓடுகிற கையை அழிக்க வேண்டும். கை மாட்டியவர்கள் பார்க்கப் பார்க்க அதைச் செய்யப் பிரணவால் முடியாது.

பிரணவ் திரும்பி வந்து திரையைப் பார்த்துக் கத்திய கத்தலில் கீழே மணியடிக்கிறவர்கூட நிறுத்திவிட்டார். வேலையை விட்டுப் போகச் சொன்னான். "போறேன்டா" என்று மங்கை சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியை டா போட்டாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்தபோது மாரப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். வலது கையில் டம்ளர். சிந்தவில்லை, நசுங்கவில்லை. போனை எடுத்தான், கட்டைவிரல் சரளமாக ஓடியது. சோப்பை எடுத்தான், வழுக்கவில்லை. மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் சிரித்தான்.

"சும்மா ஒரு தடவ கம்பியத் தொட்டுப் பாக்கறேன்" என்று அலமாரியிலிருந்த தாமிரக் கம்பிச் சுருளை நோக்கிக் கையை நீட்டினான்.

கை சுருளை எடுத்தது. நுனியைத் தேடவில்லை. சுருளை லாகவமாகத் திருப்பி, லேபிள் ஒட்டிய பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகக் காட்டியது. கட்டைவிரல் விலை அச்சடித்த இடத்தைத் தேய்த்தது. கொஞ்சம் எடை பார்த்தது. பிறகு சுருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பக்கத்துச் சுருளை எடுத்தது.

மாரப்பன் மறுபடி முயன்றான். கை மறுபடி விலை பார்த்தது. இடது கையால் கம்பி நுனியைப் பிரித்து வலது விரல்களுக்கு இடையில் வைத்தான். விரல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, கம்பியைக் கசக்கி அறுத்துப் போட்டன.

தேவையானதை மட்டும்தான் வைக்கிறோம்.

பிரணவ் சொன்னது இப்போதுதான் மங்கைக்கு முழுசாகக் கேட்டது. விற்க முடிந்த தொடுகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றன்றைக்கே கொட்டிவிட்டிருக்கிறார்கள். கம்பி சுற்றுவதை எந்தக் கம்பெனி வாங்கும்? பூக்கட்டுவதை எவன் வாங்குவான்? குழுவில் குரல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பாப்பாத்தியின் கை ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறது, நாரைத் தொட்டால் விறைத்துப் போகிறது. தையல்காரரின் கை துணியின் தரத்தைத் தடவிப் பார்க்கிறது, கத்தரிக்கோலுக்குள் விரலை நுழைக்கத் தெரியவில்லை.

"பாவிகளா, பாவிகளா" என்று மங்கை சுவரில் கையால் அடித்தாள். "உழைச்சதை எல்லாம் கொட்டிட்டு, வாங்கினதை மட்டும் வெச்சிருக்கானுகளே! இவனுக வெளங்குவானுகளா?"

மாரப்பன் கத்தவில்லை. அறுந்த கம்பியைக் குனிந்து பொறுக்கினான், இடது கையால்.

"நாளைக்கு விஜயதசமிதான?" என்றான்.

"ஆமாங்க. அதுக்கென்ன?"

"கத்துக்கறதுக்கு நல்ல நாளு. போவோணும்."

மறுநாள் காலை பிரணவ் ஆபீஸுக்கு வந்தபோது வரவேற்பறையில் நடக்க இடமில்லை. தரையெல்லாம் ஆட்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் பச்சரிசி. அரிசிமேல் நார்க்கண்டு, கரணை, ஊசி, கத்தரிக்கோல். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர்களைப் போலக் குளித்து, புதுத்துணி உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி இரண்டு தடவை விரட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டார். அவருடைய மச்சானும் கூட்டத்தில் இருந்தார்.

முதலில் உட்கார்ந்திருந்த மாரப்பன் எழுந்தான். அவன் தாம்பாளத்தில் ஒரு தாமிரக் கம்பிச் சுருள். பக்கத்தில் மங்கை.

"நீங்கதான் அந்த சாருங்களா? உக்காருங்க."

"மங்கை, வாட் இஸ் திஸ்? போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார்" என்றாள் மங்கை. "தொடுகைப் பதிவு பத்தி அவங்ககிட்டயும் சொல்லணும். எல்லாம் இவங்க கைக்குள்ளயே பத்திரமா இருக்கு."

பிரணவ் சுற்றிலும் பார்த்தான். ரெஹானா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் ஆபீஸே நின்றது. மெதுவாகத் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"எங்க கையில இருந்த படிப்ப அழிச்சது நீங்க" என்றான் மாரப்பன். குரல் உயரவில்லை. "அழிச்சவரே வெரலப் புடிச்சுத் திரும்பக் கத்துக்குடுங்க. எனக்கு மூணு வருசமாச்சு. உங்களுக்கு எத்தன வருசம் ஆனாலும் சரி, நாங்க வர்றோம். தெனமும் வர்றோம். ம், புடிங்க."

பிரணவ் கையை நீட்டினான். நேற்றைய பொட்டின் கறை இன்னும் போகாத அந்தச் செயற்கை உள்ளங்கை அவன் கையை வாங்கிக்கொண்டது. கம்பியின் பக்கம் அது போகவே இல்லை. அவன் மணிக்கட்டை இதமாகப் பற்றி, சட்டைக் கையை மேலே தள்ளி, அவனுடைய கைக்கடிகாரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியது. கட்டைவிரல் அதன் கண்ணாடியைத் தேய்த்தது, பின்பக்கம் போய் விலை எங்கே போட்டிருக்கிறது என்று தேடியது.

"பாத்தீங்களா சார்" என்றான் மாரப்பன். "நீங்க சொல்லிக்குடுத்தது மட்டும் ஒண்ணுகூட மறக்கல."

பிரணவ் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். கை விடவில்லை, இன்னும் விலையைத் தேடிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி தன் தாம்பாளத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள். அடுத்தது அவள் முறை.